தெரியாது மேடம்

"தெரியாது மேடம்" என்று சொல்வதற்கு முன்னால் நான் எடுத்துக்கொண்ட நேரம்தான் இன்னும் உறுத்துகிறது. இரண்டு நொடி இருக்கும். உண்மையிலேயே தெரியாதவனுக்கு அந்த இரண்டு நொடி எதற்கு?

2019 அக்டோபர், கடைசி வெள்ளிக்கிழமை. அமீரகத்தில் அல் ஐன் பக்கம் பண்ணை வேலையில் இருந்தவர்களுக்கு அந்த மாதம் தெரியும். வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கும். தண்ணீர் தெளித்துக்கொண்டே வட்டமாகச் சுற்றும் நீளக் குழாய்க்குப் பிவட் என்று பெயர். பிவட் சுற்றுகிற வட்டம் மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மணல். வடக்கேயிருந்து இறங்கி வரும் பறவைகள் அந்தப் பச்சையை எப்படியோ கண்டுபிடித்துவிடும். அவற்றைப் பார்க்க வருகிறவர்களோடு நடப்பது சூப்பர்வைசரான என் தலையில் விழுந்த வேலை.

அன்று வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆங்கிலேயர். கசகஸ்தான் புல்வெளியில் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வரும் ஒரு வகை ஆள்காட்டியைத் தேடி வந்திருந்தார். அழிவின் விளிம்பில் இருக்கிற பறவையாம். அது கண்ணில் படவில்லை. பிவட் நனைத்த இடத்தில் மஞ்சள் வாலாட்டிகள் ஓடின, வேலியில் ஒரு கீச்சான். கம்பியில் இரண்டு பனங்காடை. ஒன்று இங்கேயே இருப்பது, இன்னொன்று ஆப்பிரிக்காவுக்குப் போகிற வழியில் தங்கியிருப்பது, அதற்கு நெஞ்சும் நீலம் என்று காட்டினார். பல வருஷம் அந்தக் கம்பிக்குக் கீழே நடந்தவன் நான், இரண்டும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

குதிரைமசால் வயலின் ஓரத்தில்தான் வலை இருந்தது. பக்கத்தில் சாக்குக்குக் கீழே ஒரு சின்ன ஸ்பீக்கர், விடிந்த பிறகும் "விட்-விட்விட்" என்று ஆண் காடையின் குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இரவில் பறந்து போகிற காடைகள் அதைக் கேட்டு இறங்கும். ஒன்று மாட்டியிருந்தது. அவர் பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு இழையாக வெட்டினார். காலில் சுற்றிய கடைசி இழைக்காகப் பறவையை என் உள்ளங்கையில் வைத்தார். கனமே இல்லை. துடிப்பு மட்டும்தான் கையில் இருந்தது. விட்டதும் தாழப் பறந்து புல்லுக்குள் விழுந்தது.

"இது யார் வேலை?"

"தெரியாது மேடம். ராத்திரி வெளியாள் யாராவது வந்திருப்பாங்க."

வலையைக் குச்சியில் கட்டியிருந்தது புல்கட்டுக்குப் போடும் ஆரஞ்சுக் கயிறு. என் ஸ்டோரில் நானே எண்ணிக் கொடுக்கிற கயிறு. முடிச்சைப் பார்த்தாலே ஆள் தெரியும். என் அறையில் கீழ்க்கட்டிலில் படுக்கிற பெரம்பலூர் அண்ணன்.

சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், கேஸும் ஆகியிருக்கலாம். அவருக்கு விசா புதுப்பித்தே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இப்படிச் சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முந்தின வாரம் அவர் வறுத்த காடையில் மூன்று என் தட்டில் இருந்தன. எங்கே வாங்கினது என்று நான் கேட்கவில்லை. அப்படியானால் நான் காப்பாற்றியது அண்ணனையா, என்னையா? ஊரில் அப்பா கண்ணி வைத்துக் கவுதாரி பிடித்தவர். அதனால்தான் பெரிதாகத் தோன்றவில்லை என்றும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். கையில் அந்தத் துடிப்பு பட்ட பிறகு அது சரியாக உட்காரவில்லை.

இரவு அண்ணனிடம் சொன்னேன். "நாலு காடைக்கு இவ்வளவு பேச்சாடா? நாம மருந்து அடிக்கிறப்ப சாகிறது எத்தனைன்னு அந்தம்மா கேட்டாங்களா?" என்றார். மருந்து அடிக்கிற தாளில் கையெழுத்துப் போடுவது நான். பதில் சொல்லவில்லை.

மறுநாள் வாட்ஸ்அப்பில் மேடம் பார்த்த பறவைகளின் பட்டியல் வந்தது, 38 வகை. கடைசியில் "காடை – 1". வலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போகிற வழியெல்லாம் ஆரஞ்சுக் கயிறு போட்ட கட்டுகள் அடுக்கியிருந்தன, அதையும் அவர் பார்த்திருப்பார்தானே. அடுத்த வருஷம் அனுமதி கிடைக்காமல் போகும் என்று விட்டுவிட்டாரா, என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாரா?

"இதை உடைத்துப் போடுங்கள்" என்று ஸ்பீக்கரை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உடைக்கவில்லை. பெட்டிக்குள், சட்டைகளுக்குக் கீழே கிடந்தது. அண்ணன் இரண்டு முறை கேட்டார். அந்தம்மா கொண்டுபோய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். இந்த முறை யோசிக்கவே இல்லை.