மாடு போனால் ஈடு யார் கட்டுவது? எல்லைச் சீமையின் பழைய காவல்

ஆந்திர எல்லையிலுள்ள குப்பம், பலமனேர் பக்கத்துத் தமிழ் ஊர்களில், களவுபோன தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்டு இறந்தவனின் நடுகல்லுக்கு இன்றும் மதிப்பு உண்டு. அது சரிதான். ஆனால் பாளையக்காரர் காலத்தில் குடியானவரின் மாட்டைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு, களவுக்கு ஈடு கட்டவைத்த ஏற்பாட்டுக்கே உரியது என்பேன்.

ஊருக்குள் தலையாரி பார்ப்பது ஸ்தலக்காவல். பல ஊர்களையும் வழிகளையும் சேர்த்துப் பாளையக்காரர் பார்ப்பது திசைக்காவல். இரண்டுக்கும் விளைச்சலில் பங்கு போகும். பங்கு வாங்குகிறவர் களவுபோனதை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் விலையைக் கொடுக்க வேண்டும்.

ஆகவே தடம் பார்ப்பதுதான் காவலின் உயிர். விடியலில் மாட்டை எண்ணுவார்கள். ஒன்று குறைந்தாலும் மற்றவற்றை அவிழ்க்கக் கூடாது. மந்தை ஒருமுறை நடந்தால் களவுத் தடம் அதில் அழிந்துபோகும். பட்டி வாசலில் தெளிவாகப் பதிந்த குளம்படியைத் தேடி, நீள அகலத்தைக் குச்சியில் அளந்து, எந்தப் பிளவு தேய்ந்திருக்கிறது, பின்காலை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேய்ந்துபோன மாட்டின் தடம் வளைந்து வளைந்து போகும். விரட்டப்பட்டது நேராகப் போகும், குளம்பின் நுனி ஆழமாக அழுந்தியிருக்கும். சாய்வெயிலில் சூரியனுக்கு எதிர்முகமாக நடந்தால் பள்ளத்தின் நிழல் எடுப்பாகத் தெரியும். உச்சிவெயிலில் அதே தடம் கண்ணுக்குச் சிக்காது.

தடம் அடுத்த ஊர் எல்லைக்குள் நுழைந்தால், அந்த ஊர்த் தலையாரியைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். அதிலிருந்து பொறுப்பு அவருடையது. தன் எல்லையை விட்டுத் தடம் வெளியேறியதைக் காட்டினால்தான் அவர் தப்பலாம். பாறை, ஆற்று நீர், மழை, சந்தைக்குப் போகும் பாதை, இந்த நான்கிலும்தான் தடம் அறுபடும். ஊருக்கும் ஊருக்கும் வழக்கு மூள்வதும் அங்கேதான்.

பட்டிக்குக் கள்ளி வேலி. வயதான கள்ளி அடியில் வெறுமையாகிவிடும், அங்கே இலந்தை முள்ளைத் திணிக்காவிட்டால் ஆள் ஊர்ந்து உள்ளே வருவான். வாசல் ஒரு மாடு நுழையும் அகலம்தான். ஒவ்வொன்றாக வெளியேற்ற நேரமாகும், அதற்குள் நாய் குரைக்கும். கழுத்துமணியை மட்டும் நம்பக் கூடாது. ஒரு பிடி வைக்கோலைத் திணித்தால் அதன் வாய் அடைந்துவிடும்.

ஏற்பாடு கெட்டது காவலராலேயே. காவல்பங்கு தராத ஊரில் மாடு காணாமல் போகும். மதுரைச் சீமையில் இது துப்புக்கூலி என்ற பெயரில் வழக்கமாகவே இருந்தது: மாட்டுவிலையில் ஏறக்குறைய பாதியை இடையாளிடம் கொடுத்தால், மாடு எங்கே கட்டியிருக்கிறது என்ற துப்பு வரும்.

1801இல் ஆற்காட்டுச் சீமை கும்பினி, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி, கைக்குப் போனது. 1816ஆம் ஆண்டுச் சட்டம் கிராமத் தலைவரையும் தலையாரியையும் கலெக்டரின் கீழ்க் காவல் வேலையில் வைத்தது. ஈடு கட்டும் கடமை அந்தப் புதிய காவலில் இல்லை. தென்மாவட்டங்களில் 19ஆம் நூற்றாண்டின் கடைசிவரை குடியானவர்கள் பழைய காவல்காரருக்கே கூலி கொடுத்துவந்ததற்கு, பயத்தோடு இதுவும் ஒரு காரணம்.