எதிரே ஒரு ஆள் வேண்டும்

மார்ச் 26, 2024, செவ்வாய்

நேற்று இரவு பேரையூர்ப் பக்கம் ஒரு ஊரில் வள்ளி திருமணம் நாடகம். வள்ளி நான். விடிந்து வேஷம் கலைத்து, பஸ் பிடித்து மதுரை வந்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்து இதை எழுதுகிறேன்.

பபூன், டான்ஸ், முருகர் எல்லாம் பழகிய ஆட்கள். நாரதர் மட்டும் புதுப் பையன். மேடைக்குப் பின்னால் பவுடர் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் முகத்தையே பார்த்தேன். "வணக்கம்க்கா, நான்தான் நாரதர்" என்றான். ஸ்பெஷல் நாடகம் தெரியாதவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கு ஒத்திகை கிடையாது. ஏஜென்ட் ஆளுக்கொரு ஊரிலிருந்து தேதி பேசி முன்பணம் கொடுத்துச் சேர்க்கிறார். கதையும் பாட்டும் எல்லாருக்கும் தெரியும். ஆர்மோனியக்காரர் எத்தனை கட்டை, அதாவது எந்தச் சுருதி, என்று மட்டும் கேட்டுக்கொள்வார். மீதியை மேடையில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பையனுக்கு நல்ல சாரீரம். ஐந்து கட்டையில் அலுங்காமல் நிற்கிறது. தர்க்கம்தான், வள்ளியும் நாரதரும் ஒருவரை ஒருவர் மடக்கிப் பேசும் வாதம்தான், வரவில்லை. யாரோ ஒரு பெரிய நாரதர் பேசியதை யூடியூபில் கேட்டு நெட்டுரு போட்டு வந்திருக்கிறான். "தினைப்புனத்தைக் காக்கிறாயே பெண்ணே, உன்னைக் காப்பது யார்?" என்றான். "தம்பூராவும் சிப்ளாக்கட்டையுமாகக் காட்டுக்குள் தனியே வந்திருக்கிறீர்களே சாமி, முதலில் உங்களைக் காப்பது யார்?" என்றேன். கூட்டம் சிரித்தது. அவன் மட்டும் அதைப் பிடித்திருந்தால் அரை மணி நேரம் ஓட்டியிருக்கலாம். அவனோ, "என் தந்தை காக்கிறான் என்றா சொல்கிறாய்?" என்று நான் சொல்லாததைச் சொன்னதாக வைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டான். முன்னால் ஜமுக்காளத்தில் இருந்த கிழவி ஒருத்தி, "அந்தப் புள்ள அதச் சொல்லலயேய்யா" என்று மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

நாரதர் வேஷத்துக்கு வருகிறவனுக்கு முதலில் காது வேண்டும். குரலெல்லாம் அப்புறம்.

மார்ச் 29, வெள்ளி

நாடகம் இல்லாத நாளில் ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்றால் பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி வீட்டுப் படுக்கையறை. சுவரெல்லாம் கறுப்பு ஃபோம், கதவில் கம்பளிப் போர்வை. மைக் ஓடும்போது ஃபேன் கூடாது, ஏசி கூடாது. பங்குனி வெயிலில் உள்ளே போய் உட்கார்ந்தால் பத்தாவது நிமிஷம் ரவிக்கை நனைந்துவிடும்.

இப்போது ஓடுவது ஒரு ஒலி நாவல். இன்றைக்கு ஒரு வரியில் "பாட்டி படியில் பார்த்து" என்று வந்தது. மூன்று ப. ஒவ்வொன்றுக்கும் வாயிலிருந்து போகிற காற்று மைக்கில் இடித்து 'டப் டப்' என்கிறது. முன்னால் வலை மாட்டியிருந்தும் கேட்கிறது. தம்பி (ஸ்டூடியோ அவனுடையதுதான், இஞ்சினியரிங் படித்துவிட்டு இதைச் செய்கிறான்) ஒரு வழி சொன்னான்: மைக்கை நேருக்கு நேர் பார்க்காமல் கொஞ்சம் ஒதுங்கி, அதன் கன்னத்தைப் பார்த்துப் பேசுங்கள் அக்கா. சரியாகிவிட்டது. நான் மேடைக்கு வந்த புதிதில் மைக் தலைக்கு மேலே தொங்கும். அதன் அடியில் நின்று எதிராளியைப் பார்த்துப் பேசினால் போதும், கூட்டத்துக்குத் தானே போய்ச் சேரும். மைக்கோடு முகம் கொடுத்துப் பேசுவது எனக்கு இன்னும் பழகவில்லை.

ஆனால் சிக்கல் அதில் இல்லை. மாமியார் மருமகள் சண்டை ஒரு பக்கம் வருகிறது. இரண்டு குரலும் நானே. மாமியாருக்குத் தொண்டையைத் தாழ்த்தி, மருமகளுக்கு மேலே ஏற்றி, எல்லாம் செய்தேன். சண்டை மட்டும் வரவில்லை. கேள்வியும் நானே, பதிலும் நானே என்றால் கேட்கும்போதே பதில் தெரிந்துவிடுகிறது. குரல் அதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. கடைசியில் மாமியார் வரிகளைத் தம்பியை வெளியிலிருந்து வாசிக்கச் சொல்லி, மருமகளை மட்டும் நான் பேசினேன். அப்புறம் அவன் மருமகளை வாசித்தான், நான் மாமியார். பேங்க் சலானைப் படித்துக் காட்டுவது போல வாசித்தான் பாவம். அதற்கே என் குரல் மாறிவிட்டது. அவன் பேச்சை வெட்டிவிட்டு இரண்டையும் ஒட்டினோம்.

எனக்கு ஐம்பதாகப் போகிறது. வள்ளிக்கு இன்னும் தேதி வருகிறது என்றாலும், "கொஞ்சம் இளசா ஒரு ஆள் பாருங்க" என்று ஏஜென்டிடம் சொல்கிற ஊர்கள் கூடிவிட்டன. இந்த அறையில் அந்தக் கவலை இல்லை. குரலுக்கு இன்னும் பதினாறுதான்.

ஏப்ரல் 3, புதன்

தேர்தல் வேலை. காலையில் ஒரு கட்சிக்கு "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே", சாயங்காலம் வேறொரு ஸ்டூடியோவில் எதிர்க்கட்சிக்கும் அதே பெருமக்களே. இரண்டு இடத்திலும் கையில் காசு. ஒலி நாவலில் ஒரு வாரம் தொண்டை கிழிவதைவிட இது மேல்.

ஏப்ரல் 8, திங்கள்

காளவாசல் சிக்னலில் பஸ் நின்றபோது இடப்பக்கம் ஒரு ஆட்டோவில் நான், வலப்பக்கம் ஒரு ஆட்டோவில் நான். ஒருத்தி வாக்குறுதி கொடுக்கிறாள், ஒருத்தி அதை நம்பாதீர்கள் என்கிறாள். பக்கத்து சீட்டுக்காரர், "ரெண்டும் ஒரே பொம்பள குரல் மாதிரி இருக்கே" என்றார். இருக்கும் என்றேன்.

இந்தப் பங்குனி கடைசியும் சித்திரை முதலும் எங்களுக்கு அறுவடைக் காலம். இந்த வருஷம் தேர்தலோடு மோதிக்கொண்டது. விடிய விடிய மைக் போட போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி இல்லை, தேர்தல் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்களாம். கைக்கு வந்த தேதிகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் போகின்றன. ஆர்மோனியக்கார அண்ணன் வீட்டில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். மேலும் எழுதினால் புலம்பலாகிவிடும்.

தள்ளிப்போன ஒரு தேதியைப் பேசத்தான் திருமங்கலம் போனேன். நாடக நடிகர் விசுவநாததாஸின் நினைவு இல்லம் அங்கேதான் இருக்கிறது. சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். முருகர் வேஷத்தில் வந்து வெள்ளைக்காரனைத் திட்டிப் பாடிவிட்டு ஜெயிலுக்குப் போவார், வெளியே வந்து மறுபடியும் பாடுவார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இதை எல்லாரும் சொல்வார்கள். அவர் மருத்துவர் சாதி, அதாவது முடிதிருத்துகிற சாதி, என்பதற்காக அவரோடு ஜோடி சேர மாட்டோம் என்று சொன்ன நடிகைகள் இருந்தார்கள் என்பதைச் சிலர்தான் சொல்வார்கள். எதிரே நின்று பதில் பேச ஆள் கிடைக்காமல் ஒரு ராஜபார்ட், கதாநாயக வேஷக்காரர், நின்றதை நினைத்தால் எனக்கு அந்த மேடைச் சாவைவிட இதுதான் உறுத்துகிறது.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. தொண்டை கட்டிக்கொண்டது. அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு. மகள் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பேசாமல் இருப்பது என் தொழிலில் சம்பளம் இல்லாத வேலை.

ஏப்ரல் 17, புதன்

மாலை ஆறு மணியோடு பிரசாரம் முடிந்தது. தெருவில் என் இரண்டு குரலும் ஓய்ந்தன.

ஒலி நாவல் போடுகிறவர்கள் நாடகப் பகுதி ஏதாவது இருந்தால் பத்து நிமிஷத்துக்குப் பதிவு செய்து அனுப்புங்கள் என்றார்களாம். தம்பி கேட்டதும் வள்ளி நாரதர் தர்க்கம் என்று சொல்லிவிட்டேன். ஒரே நிபந்தனை, நாரதரும் அதே அறையில் இருக்க வேண்டும். அவர் பகுதியைத் தனியாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாமே அக்கா என்றான். முடியாது என்றேன்.

பாட்டெல்லாம் சங்கரதாஸ் சுவாமிகளுடையது. 1918ல் இதே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் கம்பெனியைத் தொடங்கியவர். டி.கே.எஸ். சகோதரர்கள் பிள்ளைகளாகச் சேர்ந்தது அங்கேதான். அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே ராத்திரியில் எழுதினார் என்று அந்தச் சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் சொல்லியிருக்கிறார். பெரிய நடிகர்கள் இஷ்டத்துக்குப் பேசுகிறார்கள் என்றுதான் சுவாமிகள் பையன்களை வைத்துக் கம்பெனி நடத்தினார் என்பார்கள். எங்கள் ஆட்டம் அதற்கு நேர் எதிர். பாட்டு அவருடையது, இடையில் வரும் பேச்சு அன்றன்றைக்கு எங்களுடையது. எங்கள் நடிகர் சங்கத்தில் அவருக்குக் குருபூசை போட்டுவிட்டு அவருக்குப் பிடிக்காததை விடிய விடியச் செய்கிறோம். கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சே போய்விட்டது. 1922ல் புதுச்சேரியில் காலமானார். அத்தனை பேருக்கும் பேசக் கற்றுக்கொடுத்தவர்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மீனாட்சி கல்யாணம். தாலிக்கயிறு மாற்றினேன். நாளை தேர், நாளை மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார். ஊர் முழுக்க ரேடியோ செட்டும் கொட்டுச் சத்தமும். போர்வை தொங்கவிட்டாலும் ஸ்டூடியோவுக்குள் கேட்கிறது. பதிவு வியாழக்கிழமைக்கு மாறியது.

ஏப்ரல் 25, வியாழன்

மேலூரிலிருந்து அண்ணன் வந்தார். எழுபதைத் தாண்டியவர். நான் முதன்முதலில் வள்ளி கட்டியபோது நாரதர் அவர்தான். விடியும் வரை என்னைக் கேள்வி கேட்டு அழவைத்தார், பிறகு வெந்நீர் வாங்கிக் கொடுத்தார்.

ஹெட்போனை மாட்டச் சொன்னதற்கு, "எதுத்தாப்புல இருக்கறவ பேசறத எதுக்குடா கம்பி வழியாக் கேக்கணும்?" என்று மேஜையில் வைத்துவிட்டார். நாற்காலி முனகியது, அதனால் நின்றே பேசினார். என் கண்ணாடி வளையல் கிணுகிணுக்கிறது என்று தம்பி கழற்றச் சொன்னான். திருவிழாவுக்குப் போட்டது, சோப்புப் போட்டுத்தான் கழன்றது. தட்டச்சு செய்த ஆறு பக்கத்தை அண்ணன் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அண்ணன் கேட்டார்: "பெண்ணே, பறவையை விரட்டுகிறாயே, பசிக்கு வந்ததை விரட்டுவது தர்மமா?"

"பசிக்கு வந்தது கேட்டுவிட்டுத் தின்னட்டும் சாமி."

"கிளிக்குக் கேட்கத் தெரியுமா?"

"சொன்னதைச் சொல்லத் தெரிகிறதே, கேட்கவும் கற்றுக்கொடுத்திருக்கலாம். உங்களைப் போலப் பெரியவர்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை போல."

இதற்கு அவரிடம் பழைய பதில் ஒன்று உண்டு. எனக்கும் தெரியும், அதற்கு என் பதிலும் தயாராக இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு, "நான் கிளியிடம்தான் வந்திருக்கிறேனோ என்று இப்போதுதான் சந்தேகம் வருகிறது" என்றார். சிரித்துவிட்டேன். வள்ளி அந்த இடத்தில் சிரிக்க மாட்டாள். சிரிப்பையே எடுத்துக்கொண்டு, "கிளி சிரிக்குமா சாமி?" என்று மேலே போனேன். அதன்பிறகு என்ன பேசினோம் என்று வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையை ஆட்டிக்கொண்டிருந்தானாம். அண்ணன் குரல் ஏறும்போதெல்லாம் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. நாங்கள் பார்க்கவில்லை.

கதவைத் திறந்தபோது இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம். பத்து நிமிஷம் கேட்டார்கள், ஓடியது ஐம்பத்திரண்டு.

ஏப்ரல் 29, திங்கள்

போட்டுக் கேட்டோம். வெட்டித்தான் ஆக வேண்டும், பத்து நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். தம்பியால் வெட்ட முடியவில்லை. எந்தப் பதிலை எடுத்தாலும் அதற்கு முந்திய கேள்வி தொங்குகிறது என்கிறான். தனித்தனியாக எடுத்து ஒட்டலாம் என்றவன் இவன்தான்.

அண்ணனுக்கு போன் போட்டேன். என் சிரிப்பை எடுத்துவிடலாமாம், வள்ளிக்கு அது அடக்கமில்லையாம். அவர் நடுவில் இழுத்த விருத்தத்தை எடுத்தாலே நாலு நிமிஷம் மிச்சம் என்றேன். "சுவாமிகள் பாட்டுல கை வைக்கிறியா?" என்றார். அது சுவாமிகள் பாட்டே இல்லை, அவரே கட்டியது என்று இருவருக்கும் தெரியும். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த தம்பி, இதையும் பதிவு செய்யட்டுமா என்றான். புதன்கிழமை மேலூர் பஸ்ஸில் வருகிறாராம், நேரில் பேசிக்கொள்கிறோம்.