முட்டிடிச்சான் பாறைத் தண்ணீர்

என் வீட்டுக்காரர் நோயில் கிடந்தபோது ஒரு பொருத்தனை செய்திருந்தார். குணமானால் புலியூர்க்குறிச்சிக்குப் போய், புனித தேவசகாயத்தின் தாகம் தீர்த்த முட்டிடிச்சான் பாறைத் தண்ணீரை வயிறு நிறையக் குடிக்க வேண்டும். அவ்வளவுதான். சிறுநீரகம் இரண்டும் கெட்டு டயாலிசிஸில் இருந்தவர். டாக்டர் அளந்து சொன்னதற்கு மேல் ஒரு மடக்குகூடக் கொடுக்கக் கூடாது. "நாக்கை நனைச்சிக்கிடுதேன், ஒரே ஒரு மடக்கு" என்று கேட்பார். செம்பை எடுத்துக்கொண்டுபோய் அடுக்களைக்குள் வைத்தவள் நான்தான். அவர் குணமாகவில்லை. கர்த்தர் அழைத்துக்கொண்டார்.

குணமாகாதவருடைய பொருத்தனையை யாரும் செலுத்த வேண்டியதில்லை என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவருடைய அக்கா, என் மதினி மட்டும், "தம்பி கேட்டது தண்ணி. அதை நாம போய்க் குடிச்சிட்டு வருவோம், கிளம்பு" என்றார்கள்.

சனவரி 14, புனித தேவசகாயம் விசுவாசத்துக்காக, வேதசாட்சியாக உயிரைக் கொடுத்த நாள். பொங்கல் நேரம் வேறு. நாகர்கோவில் பேருந்தில் கால் வைக்க இடமில்லை. ஆரல்வாய்மொழியில் இறங்கினால், மலைக்குப் போக ஆட்டோக்காரர்கள் வாய்க்கு வந்த தொகையைக் கேட்கிறார்கள். வயதான அம்மாக்கள் முந்தானையில் முடிந்த காசை எண்ணி எண்ணிப் பார்க்கிறார்கள், பாவம். காற்றாடிமலையில் தேவசகாயம் முழந்தாளிட்டு செபித்த தடத்தைத் தொட்டு முத்தம் செய்ய நிற்கிறோம், முன்னால் நிற்பவர்கள் போனை நீட்டிப் படம் எடுத்து முடிந்தபாடில்லை. பின்னாலிருந்து ஒரே தள்ளு. 1752ஆம் வருடம் அவரைச் சுட்டுக் கொன்ற இடம் அது. அங்கேயாவது கொஞ்சம் அமைதி காக்கக் கூடாதா? எனக்கு ஆற்றாமையாக இருந்தது. வியாகுல அன்னை ஆலயத்துக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வந்தது.

அங்கே உட்கார்ந்து வேதாகமத்தில் வரும் யோபுவைத்தான் நினைத்தேன். தேவசகாயம் நம் விசுவாசத்துக்கு வந்ததே யோபுவின் கதையைக் கேட்டுத்தானே. அப்போது அவர் நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். மாடுகள் சாக, விளைச்சல் போக, வீட்டில் அடிமேல் அடி விழுந்து முகம் வாடிக் கிடந்தவரிடம் என்ன ஏது என்று விசாரித்தவர் டிலனாய். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுப் படைத் தளபதி. தன் நாட்டை விட்டுக் கைதியாக வந்தவர், எல்லாம் இழந்த யோபுவின் கதையை இவருக்குச் சொன்னார். மாடு திரும்பி வரும் என்று சொல்லவில்லை. எல்லாம் போன பிறகும் ஆண்டவரைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதனைக் காட்டினார்.

வேதாகமத்தின் யோபு புத்தகத்தில் அவருடைய நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் கெட்டது. என் வீட்டுக்கும் வந்தார்கள். "செபம் பத்தலை", "வீட்டில் ஏதோ பாவம் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காப்பியும் குடித்துவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். மதினி அப்படி எதுவும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் செபமாலையோடு உட்கார்ந்திருப்பார்கள். அப்படியே ராத்திரி விடிந்துவிடும். ஆண்டவர் என்னை விட்டுப் போகவில்லை என்று அந்த நாட்களில் எனக்குக் காட்டியது அந்த வராந்தாதான்.

சரி, புலியூர்க்குறிச்சிக்கு வருகிறேன்.

சாயங்காலம் ஆகிவிட்டது. அங்கேயும் கேனும் பாட்டிலுமாகக் கூட்டம். தேவசகாயத்தைக் கட்டி இழுத்து வந்தபோது, தாகம் தாங்காமல் செபித்து முழங்கையால் இடித்த பாறை, தண்ணீர் கொடுத்த பாறை. சின்னக் குழிதான். எத்தனை பேர் மொண்டாலும் முகம் சுளிக்காமல் தருகிறது. என் முறை வந்தது. குனிந்தேன், கை போகவில்லை. அந்தச் செம்பு கண்முன்னால் வந்து நின்றது. அவர் உதடு வெடித்திருந்தது, என்னைப் பார்த்தது, பிறகு கேட்பதையே விட்டுவிட்டது, எல்லாம் ஒன்றாக வந்தது. ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குப் பாறையிலிருந்து கொடுத்தீரே, என் பிள்ளைகளின் அப்பாவுக்கு ஏன் ஒரு மடக்கு கொடுக்கவில்லை என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பின்னால் நின்றவர்கள்கூட அவசரப்படுத்தவில்லை.

அப்போதுதான், எத்தனையோ பெரிய வெள்ளிக்கிழமை கேட்ட வார்த்தை உள்ளே கேட்டது. "தாகமாய் இருக்கிறது." சிலுவையில் தொங்கியபடி என் ஆண்டவர் சொன்னது. அவருக்கும் காடிதான் கிடைத்தது. என் வீட்டுக்காரர் தாகத்தோடு தனியாகக் கிடக்கவில்லை. அதே கட்டிலில், அதே வறண்ட நாக்கோடு ஆண்டவரும் கிடந்திருக்கிறார். எனக்கு அது அங்கே, அந்தப் பாறையின் முன்னால், சந்தேகமில்லாமல் தெரிந்தது. இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். வயிறு நிறைய, அவர் ஆசைப்பட்ட மாதிரியே. மதினி என் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர்களும் குடித்தார்கள். அழுதோம், நன்றாக அழுதோம்.

அப்புறம் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் தேவசகாயத்தின் கல்லறையில் மெழுகுவர்த்தி வைத்ததும், ராத்திரி எந்தப் பேருந்தில் திரும்பினோம் என்பதும் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டே வந்தது. என்னைத் தள்ளிவிடாத ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். டிலனாயை அனுப்பினவருக்கு, எனக்கு என் மதினியை அனுப்பினவருக்கு ஸ்தோத்திரம். டயாலிசிஸ் வார்டில் அவரோடு படுத்திருந்த அத்தனை பேரையும் அந்தப் பாறையில் ஒப்புக்கொடுத்திருக்கிறேன்.

இனி வடக்கன்குளம் போக வேண்டும். 1745 மே 14இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊர். அவர் மனைவி ஞானப்பூ அம்மாள், கணவர் போன பிறகு வந்து வாழ்ந்ததும் அங்கேதான். அந்தத் தாயிடம் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. மே மாதம் போகலாம் என்று மதினி சொல்லியிருக்கிறார்கள்.