இங்கிலாந்துக் குளிரில் வார்னிஷ் அடிப்பது

சென்னையில் வார்னிஷ் அடித்த ஸ்டூலை மொட்டை மாடியில் வைத்தால் சாயங்காலமே கை வைத்துப் பார்க்கலாம். மான்செஸ்டரில் நவம்பர் மாதம் அதே ஸ்டூலைக் கராஜில் வைத்து அடித்தால் மூன்றாம் நாளும் விரல் ஒட்டும். சரக்கில் குறையில்லை. டப்பாவில் போட்டிருக்கும் நேரம் 20 டிகிரியை ஒட்டிய கணக்கு. எண்ணெய் வகை பாலியூரித்தேன் வார்னிஷ் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துத்தான் இறுகும். 10 டிகிரி இறங்கினால் அந்த நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். தண்ணீர் வகை இன்னும் மோசம்: 10 டிகிரிக்குக் கீழே அதன் துகள்கள் ஒன்றோடொன்று சேராமல், தேய்த்தால் மாவாக உதிரும். டப்பா ஒருமுறை உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

குளிரையாவது பொறுத்துக்கொள்ளலாம், வேலையைக் கெடுப்பது ஈரம். காற்று 10 டிகிரி, ஈரப்பதம் 85% என்றால் சுமார் 7.5 டிகிரியில் இருக்கும் எந்தப் பொருளின் மேலும் பனித்துளி படியும். இரவெல்லாம் 6 டிகிரியில் கிடந்த பலகைக்குப் பக்கத்தில் காலையில் ஹீட்டர் போட்டால் காற்றுதான் முதலில் சூடாகும். பலகை குளிர்ந்தே இருக்கும், அந்தக் காற்றில் ஈரமும் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாமல் வியர்த்துவிடும். அதன் மேல் அடித்த கோட் பால் தெளித்தாற்போல வெளுக்கும். அதனால் பார்க்க வேண்டியது மரத்தின் சூட்டை. அது பனி படியும் அளவைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்கட்டும்.

கேஸ் ஹீட்டர் வேண்டவே வேண்டாம். ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக அறைக்குள் வரும். வார்னிஷ் ஆவிக்குப் பக்கத்தில் தீயும் ஆபத்து. எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டர் போதும். ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்குவதானால் டெசிகன்ட் (ஈரம் உறிஞ்சும் ரசாயனப் பொருள் வைத்த) வகை வாங்குங்கள். கம்ப்ரஸர் வகை குளிர்ந்த கராஜில் பனிக்கட்டி பிடித்து நின்றுவிடும். வீட்டுக்குள் அடிப்பதானால் துணி காயப்போடும் அறையைத் தவிருங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

மரத்தை இரண்டு நாள் முன்பே சூடான அறைக்குக் கொண்டுவாருங்கள். வார்னிஷ் டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் அரைமணி நேரம் வைத்தால் கெட்டித்தன்மை இளகி பிரஷ் கோடு விழாது. எண்ணெய் வகையில் முதல் கோட்டுக்குப் பத்துக்கு ஒரு பங்கு ஒயிட் ஸ்பிரிட் (வார்னிஷை இளக்கும் பெட்ரோலியக் கரைப்பான்) கலக்கலாம். கோட் மெல்லியதாக இருக்கட்டும். தடியாக அடித்தால் மேலே தோல் கட்டி அடியில் பிசினாகவே நிற்கும். காலையிலேயே அடித்துவிடுங்கள். மத்தியானம் அடித்து இரவில் ஹீட்டரை அணைத்தால், பாதி காய்ந்த படலத்தில் பனி இறங்கிப் பளபளப்பு போய்விடும்.

அடுத்த கோட்டுக்கு முன் 320 நம்பர் உப்புத்தாளால் ஒரு ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் அடிக்கலாம். தாளில் உருண்டை கட்டினால் இன்னொரு நாள் விடுங்கள்.