அந்த ஒரு கதவு

ஈஸ்கிலஸின் ‘அகமெம்னான்’ நாடகத்துக்கு செட் போட வேண்டும் என்றதும் நான் முதலில் வரைந்தது தூண்களைத்தான். கிரேக்கம் என்றால் வெள்ளைத் தூண்கள் தானாகவே கைக்கு வந்துவிடுகின்றன. மூன்று நாள் வரைந்தேன். நான்காம் நாள் பிரதியை மறுபடி எடுத்து, யார் எங்கிருந்து வந்து எங்கே போகிறார்கள் என்று மட்டும் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். முக்கியமான கோடுகள் எல்லாம் அரண்மனைக் கதவில் போய் முட்டின.

கி.மு. 458-இல் ஏதென்ஸில் இது அரங்கேறியபோது ஆடுகளத்துக்குப் பின்னால் மரத்தால் ஆன ‘ஸ்கீனி’ என்ற கட்டடம் இருந்தது; நாடகத்தில் அதுதான் அரண்மனை. கூடாரம் என்பதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். காவலாளி அதன் கூரைமேல் கிடந்து, டிராய் நகரம் போரில் விழுந்ததைச் சொல்லும் தீக்காகக் காத்திருக்கிறான். அதன் வாசல் முழுக்க ராணி கிளைட்டம்னெஸ்ட்ராவின் பிடியில் இருக்கிறது. போரில் வென்று திரும்பும் தன் கணவன், அரசன் அகமெம்னானை அவள் உள்ளே வைத்துக் கொல்கிறாள். நமக்கு அலறல் மட்டும்தான் கேட்கும்.

தூண்களை அழித்தேன். மூன்றரை மீட்டர் உயரத்தில் இரட்டைக் கதவு, அதன் முன்னால் வெறுந்தரை. தச்சு வேலைக்கு வந்தவர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உள்ளே என்ன சார் வருது?” என்றார். “ஒண்ணும் இல்லண்ணே, இருட்டுதான்” என்றேன். “அப்போ கதவு சரியா இருக்கணும்” என்றார். அதைவிடத் தெளிவாக அந்த செட்டைப் பற்றி எங்கள் குழுவில் யாரும் சொல்லவில்லை.

என்னை அதிகம் படுத்தியது துணி. அகமெம்னான் செருப்பைக் கழற்றிவிட்டு, ராணி விரித்த கருஞ்சிவப்புத் துணிமேல் நடந்து உள்ளே போகிறான். அந்தக் காலத்தில் கடல் நத்தையிலிருந்து எடுத்த சாயம். அவ்வளவு விலை உயர்ந்ததை மிதிக்கவே அவன் கூசுகிறான். நான் வாங்கிய வெல்வெட் நீல விளக்கில் கறுத்துப்போனது. பிறகு ஒன்பது மீட்டர் காடாத் துணியை நாங்களே சாயத்தில் முக்கினோம். மூன்றாம் முக்கில்தான் நிறம் பிடித்தது. ஈரம் காயாத இடங்களில் சிவப்பு திட்டுத் திட்டாகக் கூடியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

முதல் முழு ஒத்திகையில் இரண்டு தவறுகள். கதவுக்குப் பின்னாலிருந்து வந்த அலறல் பிளைவுட்டில் அமுங்கிப்போனது. உடல்களை வெளியே உருட்டிக்கொண்டு வரும் சக்கரப் பலகை வாசற்படியில் இடித்து நின்றது. இரண்டும் என் கணக்குப் பிழை. கதவின் நடுப்பலகையை எடுத்துவிட்டு, மரம்போல வண்ணம் அடித்த துணியை இழுத்துக் கட்டினோம், குரல் கேட்டது. வாசற்படியைச் சீவித் தரையோடு தரையாக்கினோம்.

நாடகம் நடந்த நாட்களில் அந்தப் பலகையைத் தள்ளும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அதனால் டிராயிலிருந்து அகமெம்னான் சிறைபிடித்து வந்த, நடக்கப்போவதை முன்னறியும் கசாண்ட்ராவின் காட்சியை நான் முன்னாலிருந்து பார்த்ததே இல்லை. இந்த வீட்டில் ரத்த வாடை அடிக்கிறது என்று சொல்லி அவள் வாசலிலிருந்து பின்வாங்குவதும், திரும்பி வருவதும் எனக்குக் காலடிச் சத்தம்தான். கதவு திறக்கும். அந்த நடிகை உள்ளே வந்து, நடுங்கும் கையால் கதவைச் சாத்திவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் பலகையில் ஏறிப் படுப்பார். பக்கத்தில் அகமெம்னானாக நடித்தவர் அலறுவதற்கு மூச்சை இழுத்துக்கொண்டிருப்பார்.