தோற்ற வட்டாரத்து வாக்கும் சபைக்குள் போகும்

துணுக்காய், மாந்தை கிழக்கு, புதுக்குடியிருப்பு என்று இலங்கையின் வடக்கே வன்னியின் எந்தப் பிரதேச சபைத் தேர்தல் என்றாலும் கட்சிக்காரர் முதலில் கேட்பது, "எத்தினை வட்டாரம் வரும்?" என்றுதான். 2018 இலும் 2025 இலும் நடந்த கலப்பு முறையில் அது அரைவாசிக் கணக்கு. உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்தாலும் 40 வீதம், கட்சியின் மொத்த வாக்குக்கேற்ப, கட்சி தரும் பெயர்ப் பட்டியலாலும் வருகிறார்கள். இரண்டுக்கும் ஒரே புள்ளடி.

வாக்குச்சீட்டில் கட்சியும் சின்னமும் மட்டுமே இருக்கும். பாராளுமன்றத் தேர்தலில் விருப்பு இலக்கம் போட்டுப் பழகிய சனம், "எங்கட ஆளின்ர பேரைக் காணேல்ல" என்று தடுமாறுகிறது. இரண்டு சின்னத்துக்குப் புள்ளடி இட்டாலும், தன் பெயரை எழுதினாலும் வாக்குச் செல்லாது. வீடு வீடாகப் போகிறவர்கள் துண்டுப்பிரசுரத்தை நீட்டுவதோடு நில்லாமல், மாதிரிச் சீட்டையும் காட்டிவிட்டு வர வேண்டும்.

கணக்கை ஒரு உதாரணத்தில் பார்ப்போம். 12 வட்டாரம், 8 பட்டியல், மொத்தம் 20 ஆசனம். செல்லுபடியான வாக்கு 12,000. ஓர் ஆசனத்துக்கு 600. முதற்கட்சி 4,900 வாக்கு எடுத்தால் அதன் பங்கு 8. மற்ற மூன்றும் 3,500, 2,300, 1,300 எடுத்தால், 600 ஆல் வகுத்து 5, 3, 2. எஞ்சிய இரண்டு ஆசனமும் பெரிய மீதிக்குப் போக 6, 4, 2. முதற்கட்சி 9 வட்டாரத்தை வென்றிருந்தால் பங்கை மீறிய ஒன்றும் அதற்கே சேரும். சபை 21 ஆகும். பன்னிரண்டில் ஒன்பதை வென்றும் பெரும்பான்மை இல்லை! ஒரு வட்டாரமும் வெல்லாத கட்சிக்கோ 2 உறுப்பினர்.

இங்கேதான் சிறிய கட்சிகள் கோட்டை விடுகின்றன. வெல்ல முடியாத ஊர் என்று பிரசாரத்தைக் கைவிடுகிறார்கள். காட்டுக்கும் குளத்துக்கும் அப்பால் இருக்கும் குடியேற்றத்தில் கிடைக்கும் எழுபது வாக்கும் மீதிக் கணக்கில் ஓர் ஆசனத்தைத் தீர்மானிக்கலாம்.

எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாவிட்டால் முதல் அமர்வில் சபைத் தலைவரான தவிசாளரைத் தெரிய வாக்கெடுப்பு. பகிரங்கமா இரகசியமா என்பதையும் உறுப்பினர்களே தீர்மானிப்பர். சமன் என்றால் திருவுளச்சீட்டு. பேரம் அதோடு முடிவதில்லை. பாதீடு (வரவு செலவுத் திட்டம்) இரண்டாம் முறையும் தோற்றால் தவிசாளர் பதவி போய்விடும். ஆகவே பங்காளிகளோடு வீதி, வடிகால், சந்தை வேலைகளை முன்கூட்டியே வட்டாரவாரியாகப் பேசி எழுதிக்கொள்வது நல்லது.

ஆனால் கட்சிகள் உடைவது பெரும்பாலும் பட்டியல் பெயர்களில்தான். வட்டாரத்தில் தோற்றவரையும் கட்சிச் செயலாளர் பட்டியல் ஆசனத்துக்கு நியமிக்கலாம். அதனால் "போனஸ் (பட்டியல் ஆசனம்) உனக்குத்தான்" என்று பலருக்கும் வாக்குறுதி கொடுத்துவிடுகிறார்கள். பெண்களுக்கான 25 வீதம் குறைந்தால் அதையும் பட்டியலால்தான் நிரப்ப வேண்டும். அப்போது வாக்குறுதி கொடுக்கப்பட்ட ஆண்கள் கோபிக்கிறார்கள். வெல்லக்கூடிய வட்டாரங்களில் பெண்களை நிறுத்தினால் இந்தச் சிக்கல் பாதி குறையும். தோற்றவர்களில் யாருக்கு ஆசனம் என்பதை அவரவர் எடுத்த வாக்கு வீதத்தை வைத்துத் தீர்ப்பதாக, வேட்புமனுவில் கையெழுத்து வாங்கும் அன்றே எல்லோர் முன்னாலும் எழுதி வையுங்கள்.