குள்ளர்களும் ஆயர்களும் ஒரே ஊரில்: ஐரோப்பிய இடைக்கால இலக்கிய வாய்மொழித் தேர்வுக்கு நான் படித்த விதம்

முடிவு வந்துவிட்டது. 1.3 (இங்கே 1.0-தான் மிக உயர்ந்த மதிப்பெண்). ஜெர்மனியில் இடைக்கால இலக்கியமும் வரலாறும் சேர்த்துப் படிக்கிறவர்களுக்கு இந்த எண் எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். இந்தப் பாடப்பகுதியை அடுத்த பருவத்தில் எடுக்கப்போகிற நம் பிள்ளைகள் சிலர் கேட்டிருந்தார்கள், அதனால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தேர்வு எப்படி நடக்கும், எத்தனை தலைப்பு கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். தலைப்பு வாரியாகப் படிக்காதீர்கள். ஊர் வாரியாகப் படியுங்கள்.

கைமாறி வருகிற நோட்ஸ் எல்லாம் மூன்று கட்டாகத்தான் இருக்கும்: எல்ஃப்களும் குள்ளர்களும் (ஜெர்மானியப் பழங்கதைகளில் வரும் மாய உயிர்கள்) ஒரு கட்டு, திருச்சபையும் அதன் ஆயர்களும் (பிஷப்புகள்) ஒரு கட்டு, அரச வம்சங்கள் ஒரு கட்டு. அதை வைத்துத் தேறலாம், நல்ல மதிப்பெண் வாங்குவது கஷ்டம். ஏனென்றால் தேர்வாளர்கள் கேட்பது இந்த மூன்றும் முட்டிக்கொள்கிற இடத்தில். என்னிடம் வந்த முதல் கேள்வியே, ஒரு குள்ளனின் பொருள் எப்படித் தேவாலய வாசலில் அரசியல் சண்டையாக மாறியது என்பதுதான். எனக்கு உடனே வோர்ம்ஸ் பக்கம் கண்முன் வந்தது.

வோர்ம்ஸை மட்டும் நன்றாகப் படியுங்கள், பாதித் தேர்வு முடிந்த மாதிரி. ரைன் நதிக்கரை ஊர். 436-ஐ ஒட்டி ஹூணர்கள் அழித்த, பர்கண்டியர் என்ற ஜெர்மானிய இனத்தின் அரசைப் பற்றிய நினைவுதான் நிபெலுங்கன் பாடல் என்ற இடைக்கால ஜெர்மன் காவியத்தின் அடி வேர். பாடலில் வரும் வோர்ம்ஸ் அரசர்கள் குந்தர், கீசெல்ஹெர் என்ற பெயர்கள் வெறும் கற்பனை இல்லை. பர்கண்டியரின் சட்டத்தொகுப்பிலேயே முன்னோர் அரசர்களாக அந்தப் பெயர்களின் பழைய வடிவங்கள் இருக்கின்றன. இந்த ஒரு சான்றைச் சொன்னதும் எதிரே இருந்தவர் குறிப்பெடுக்க ஆரம்பித்தார்.

இப்போது குள்ளனுக்கு வாருங்கள். பாடலின் நாயகன் சீக்ஃப்ரீட், அல்பெரிக் என்ற குள்ளனை வென்று, உருவத்தை மறைக்கும் மாயப் போர்வையைப் பறிக்கிறான். அதைப் போர்த்திக்கொண்டுதான் குந்தருக்காக அவன் மனைவி புரூன்ஹில்டை அடக்குகிறான், அவள் மோதிரத்தையும் இடைக்கச்சையையும் எடுத்துத் தன் மனைவி கிரீம்ஹில்டிடம் கொடுக்கிறான். பிறகு வோர்ம்ஸ் பேராலய வாசலில் யார் முதலில் நுழைவது என்று இரண்டு அரசிகளும் மோதும்போது வெளியே வருவது அந்த மோதிரமும் கச்சையும்தான். குள்ளனின் குகையிலிருந்து கோயில் வாசல் வரை ஒரே கோடு. பாடல் ஏறக்குறைய 1200-இல் எழுந்தது. பேராலயம் அருட்பொழிவு பெற்றது 1181-இல். அந்தத் தலைமுறையில் வோர்ம்ஸுக்குப் போய்வந்தவர்களுக்கு அந்த வாசல் கண்ணால் பார்த்த புதுக் கட்டடம். இதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

இதே ஊரில் 1000 முதல் 1025 வரை ஆயர் பூர்க்கார்ட். பேரரசர் மூன்றாம் ஓட்டோ நியமித்தவர். ஊருக்குள் இருந்த சாலியர் என்ற பிரபு குலத்தின் கோட்டையை 1002-இல் இடித்துவிட்டு அந்த இடத்தில் தேவாலயம் கட்டினார். அதே குலத்துப் பையன் ஒருவன் அவரிடம் வளர்ந்து இரண்டாம் கொன்ராட் என்று அரசனானான். அரசும் சபையும் எப்படிப் பின்னிக்கிடந்தன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பூர்க்கார்ட் தொகுத்த திருச்சபைச் சட்ட நூலின் பத்தொன்பதாம் புத்தகத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவுக்கான கேள்விகள் இருக்கின்றன. அதில் ஒன்று: வீட்டு நிலவறையிலோ களஞ்சியத்திலோ சின்ன வில்லும் குழந்தைச் செருப்பும் போட்டுவைத்தாயா, அந்தச் சிற்றுருக்கள் விளையாடிவிட்டு அடுத்தவர் பொருளை உனக்குக் கொண்டுவரும் என்று? தண்டனை பத்து நாள் ரொட்டியும் தண்ணீரும்.

ஒரு எச்சரிக்கை. பூர்க்கார்ட் அங்கே எழுதியிருப்பது பைபிள் வழி வந்த இலத்தீன் பெயர்கள். "இவை ஜெர்மானியக் குள்ளர்களே" என்று அடித்துச் சொல்லாதீர்கள். ஆயர் தனக்குத் தெரிந்த பெயரை மக்களின் வழக்கத்துக்கு வைத்திருக்கலாம் என்று சொல்லுங்கள், அது போதும்.

அடுத்த ஊர் பஸ்ஸாவ் (டான்யூப் நதிக்கரையில் ஆயர் இருந்த ஊர்), சுருக்கமாக. 971 முதல் 991 வரை ஆயராக இருந்த பில்கிரிம், ஐந்தாம் நூற்றாண்டு அரசர்களுக்கு மாமனாகப் பாடலில் வருகிறார். ஏன் என்று யோசித்தால், பாடலை எழுதக் காசு கொடுத்த ஆதரவாளர் யார் என்ற கேள்வி வரும். அங்கே ஆயர் வொல்ஃப்கரைச் சொல்ல வேண்டும். 1203 நவம்பர் 12 அன்று வால்தர் ஃபொன் டெர் ஃபோகல்வைடெ என்ற பாடகருக்கு மென்மயிர் மேலங்கி வாங்கப் பணம் கொடுத்ததாக அந்த ஆயரின் பயணக் கணக்கில் இருக்கிறது. ஆயரின் பெட்டியிலிருந்து கவிஞருக்குக் காசு போனதற்கான நேரடிச் சான்று. நிபெலுங்கன் பாடலும் இவர் ஆதரவில் பிறந்தது என்பது பலரின் கருத்து, ஆவணம் அல்ல. பிரித்துச் சொல்லுங்கள்.

இத்தாலியின் வெரோனாவும் ராவென்னாவும்: கோத்தியர் இனத்து அரசர் தியோடெரிக், இறப்பு 526. சபைக்கு அவர் ஆரியுஸ் என்பவரின் கொள்கையைப் பின்பற்றிய தப்பறைக்காரர், தத்துவஞானி போயத்தியுஸைக் கொன்றவர். திருத்தந்தை மகா கிரகோரியார் எழுதியதில் லிபாரி எரிமலைக்குள் தள்ளப்படுகிறார். மக்கள் கதையிலோ அவர்தான் டீட்ரிக், தீரோலின் ரோஜாத் தோட்டத்துக் குள்ள அரசன் லாவ்ரினை வென்ற வீரர். ஒரே அரசருக்கு இரண்டு நினைவு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பேரரசர் வரலாற்றுப் பாடல், டீட்ரிக்கும் ஹூணர் அரசன் அட்டிலாவும் சந்தித்திருக்கவே முடியாது என்று கதைசொல்லிகளோடு சண்டை போடுகிறது. அதை மேற்கோள் காட்டினால் மதிப்பு உண்டு.

வடக்குப் பகுதி எடுப்பவர்களுக்கு:

- ஐஸ்லாந்தின் ரெய்க்ஹோல்ட்: எழுத்தாளர் ஸ்னோரி ஸ்டுர்லுசொன். ஆதி அரக்கன் இமிரின் உடலில் புழுவாகத் தோன்றிய குள்ளர்கள் வரும் அதே நூல், நார்வே அரசர் ஹோகொனைப் புகழும் பாடலோடு முடிகிறது. 1241-இல் அதே அரசரின் பகையால் ஸ்னோரி கொலையானார்.
- ஸ்னோரி பிரிக்கிறபடி ஒளி எல்ஃப், இருள் எல்ஃப் என்று அட்டவணை போடாதீர்கள். ஸ்னோரி கிறிஸ்தவர், அந்தப் பிரிவு எவ்வளவு பழையது என்ற ஐயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.
- சுவீடன்: ஏறக்குறைய 1019. நார்வே அரசர் ஓலாவின் தூதர், கவிஞர் சிக்வத்ர். எல்ஃப்களுக்குப் பலி நடக்கிறது என்று ஒரு வீட்டுப் பெண் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறாள்.
- அதே ஓலாவ் 1030-இல் இறந்து புனிதரானார். மேட்டில் புதைந்து எல்ஃபாக வணங்கப்பட்ட பழைய ஓலாவின் மறுபிறவி இவர் என்ற பேச்சை அவரே மறுப்பதாக பிளாட்டெயார்போக் என்ற ஐஸ்லாந்துக் கையெழுத்துப் பிரதி சொல்கிறது. நேரம் இல்லையென்றால் இதை மட்டுமாவது படியுங்கள்.
- இங்கிலாந்து: எல்ஃப் நோய்க்கான மூலிகையைத் திருமுழுக்கு நீரில் மும்முறை தோய்த்து, மூன்று திருப்பலி பாடச் சொல்லும் மருத்துவ நூல்.

படிக்கும் முறை என்றால், எனக்கு உட்கார்ந்து படித்தால் ஏறாது. நடந்துகொண்டே உரக்கப் பேசுவேன். ஒவ்வோர் ஊரையும் முதலில் தமிழில் முழுக்கதையாகச் சொல்லிப் பார்த்தேன், அப்புறம் ஜெர்மனில். தமிழில் தடுமாறுகிற இடம் எனக்கே சரியாகப் புரியாத இடம். ஜெர்மனில் மட்டும் தடுமாறினால் அது சொல் பிரச்சினை. குழுவாகப் படிப்பது சிலருக்கு உதவும். எனக்கு அது இரைச்சல். கார்டு எழுதிப் படிப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஊர்க்கதையைத் துண்டாக்கிவிடும்.

அறைக்குள் போனதும் தெரியாத கேள்வி வந்தால், எந்த ஊர், யார் எழுதியது, யார் காசு கொடுத்தது என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே யோசியுங்கள். அவர்கள் அதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூல மொழிப் பகுதிக்கு, நிபெலுங்கன் பாடலில் அரசிகள் சண்டை வரும் பதினான்காம் அத்தியாயம் போதும். முந்தின நாள் அதை மட்டும் சத்தமாகப் படியுங்கள், புது ஊர் எதையும் திறக்காதீர்கள்.